அக்கா கொடுத்த ஊக்கு

என் தாலிக்கயிற்றில் எப்போதும் சில ஊக்குகள் தொங்கும். அவற்றில் ஒன்று மட்டும் பெரியது. நிறம் போய்க் கறுத்து, வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது. மெல்லிய துணியில் குத்தினால் ஓட்டை விழும் என்று தெரிந்தும் நான் அதைத் தூக்கி எறிந்ததில்லை. தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையின் கல்யாணப் பட்டு மாடியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் தோளில் போட்ட புடவை நழுவி நழுவி விழுந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளர் முகம் சுளிக்க, நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்தவள், அந்த மாடியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், தன் தாலியிலிருந்து அந்த ஊக்கைக் கழற்றி என் தோளில் குத்திவிட்டாள். "தோள்ல சதையே இல்ல உனக்கு, புடவை எதப் புடிச்சிக்கினு நிக்கும்?" என்றாள். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் வேலையைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. புடவையை அடுக்கிலிருந்து எடுத்து மெத்தையில் பிரித்து வீசுவது ஆண்களின் வேலை. அதை உடம்பின் மேல் போட்டுக் காட்டுவது எங்கள் வேலை. சீருடைச் சேலைக்கு மேலேயே கொசுவம் பிடித்து, தோளில் குத்தி, முந்தானையைக் கையில் ஏந்திக் கண்ணாடி முன் நிற்போம். நிற்கிற நேரம் வரைக்கும் அந்த உடம்பு எங்களுடையது இல்லை. திரும்பு என்றால் திரும்ப வேண்டும், கையை இறக்கு என்றால் இறக்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி என் இடுப்பைப் பிடித்து நகர்த்தி வைத்திருக்கிறாள், ஜவுளிப் பொம்மையை நகர்த்துகிற மாதிரி. இப்போது எங்களுக்கு உட்கார ஸ்டூல் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் காலையில் நின்றால் கடை சாத்தும்வரை நின்றபடிதான். கழிப்பறை மொட்டை மாடியில் இருந்ததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோம். முப்பது வயதுக்குள் எல்லோருக்கும் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும்.

அக்காவுக்குக் கைராசி என்று ஒரு பெயர் இருந்தது. முகூர்த்தப் புடவையை முதலில் அவள் மேல் போட்டுப் பார்த்தால் கல்யாணம் தடையில்லாமல் நடக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லி, அது மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளுக்குள் பரவிவிட்டது. படியேறி வந்ததும் "அந்தக் கைராசிக்கார அம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவளோ சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்து, அங்கே வீட்டை இடித்த பிறகு ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் விடப்பட்டவள். இரண்டு பஸ் மாறி வருவாள். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார், ஒரே பெண் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இருந்தாள். "வூட்ல நான் சொல்றத எவன் கேக்கறான்? இங்கதான்டி நான் ஒரு புடவையக் காட்டி இதான் நல்லா கீதுன்னா, ஒரு குடும்பமே தலையாட்டுது" என்று ஒருநாள் சொன்னாள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த நாலடி இடம்தான் அவளுக்கு எல்லாமே.

அவள் நாற்பதைத் தாண்டியதும் அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. அக்கா எப்போதுமே பூசினாற்போல இருப்பாள். இப்போது வயிறு போட ஆரம்பித்தது. எங்கள் மாடியின் சூப்பர்வைசர் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாக்கில் நரம்பில்லாதவர். பட்டு, ஒல்லியான உடம்பில்தான் விழும் என்பது அவர் கட்சி. "முன்பக்கம் முட்டிக்கிட்டு நிக்கிது, பார்டரே தெரியலை" என்று எல்லோர் எதிரிலும் சொல்வார். வயசாகிப் பெருத்துப்போன பெண்களைக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவது கடை வழக்கம். அங்கே உள்பாவாடையும் நைட்டியும் விற்பார்கள். காற்றும் வராது, யாரும் பெயர் சொல்லித் தேடிக்கொண்டும் வர மாட்டார்கள். தீபாவளிக்குள் உடம்பைக் குறைக்காவிட்டால் கீழேதான் என்று அவர் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அவள் குறைக்கத் தொடங்கினாள். சைதாப்பேட்டையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் கடைவரை நடந்தாள். காலையில் வெந்நீர், மத்தியானம் கொள்ளு ரசம், இரண்டு துண்டு வெள்ளரிக்காய். பிரசவமான பெண்கள் கட்டிக்கொள்கிற பெல்ட் ஒன்றை ரங்கநாதன் தெரு நடைபாதையில் வாங்கி, சேலைக்கு அடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டு அறையில் எங்கள் டப்பாக்களைத் திறக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "பசியே எடுக்கலடி. ரெண்டு வாய் துன்னா வயிறு ரொம்பிடுது. நல்லதுக்குத்தான்" என்றாள். எங்களுக்கெல்லாம் பொறாமையாகக்கூட இருந்தது. நாங்கள் ஒருவேளை சோற்றைக் குறைத்தால் சாயங்காலம் கை நடுங்கும். இவளுக்குப் பசியை அடக்குகிற வரம் கிடைத்திருக்கிறதே என்று பேசிக்கொண்டோம்.

சில மாதங்களில் கன்னம் ஒட்டிப்போனது. கழுத்தெலும்பு தெரிந்தது. சீருடை ரவிக்கையின் கை தொளதொளத்து, அவளே உட்கார்ந்து பிடித்துத் தைத்துக்கொண்டாள். வயிறு மட்டும் இறங்கவில்லை. இறங்காதது மட்டுமில்லை, பாவாடை நாடா முடிச்சுப் போட எட்டாமல் புது நாடா கோத்துக்கொண்டாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்த அதே வாரம் நாடாவை நீளமாக்கினாள். ஒரு பெண் படியேறி வரும்போதே அவளுக்கு எந்த அளவு ரவிக்கை என்று சொல்லிவிடுகிற கூட்டம் நாங்கள். அத்தனை பேரும் அவளைப் பார்த்து ஒரே குரலில் சொன்னது, மேலுடம்பு இளைத்துவிட்டது, வயிறு கடைசியில்தான் இறங்கும் என்பது. நாற்பது வயதில் வருகிற தொப்பை லேசில் போகாது என்று ஆளுக்கொரு வைத்தியம் வேறு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி தன் பெண்ணோடு வந்தார். அன்று காலையில்தான் சூப்பர்வைசர் அக்காவிடம், திங்கட்கிழமை முதல் கீழே போய்விடு, தீபாவளிவரை பொறுக்க முடியாது என்று சொல்லியிருந்தார். அக்கா, மாமி எடுத்த அரக்குக் கூறைப்புடவையைத் தன்மேல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். மாமி புடவையைப் பார்க்கவில்லை. அக்காவின் ஒட்டிய முகத்தையும் மெலிந்த கையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது.

"உனக்கு எத்தனை மாசம்மா ஆறது?" என்றார்.

அந்தப் பக்கம் இருந்த நாங்கள் எல்லோரும் கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். சூப்பர்வைசரும் அங்கேயேதான் இருந்தார். அக்கா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "அஞ்சு மாசங்க மாமி" என்றாள்.

மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாசமாக இருக்கிற சுமங்கலி கூறைப்புடவையைப் போட்டுக் காட்டுவதைவிட நல்ல சகுனம் வேறு என்ன வேண்டும் என்று பெண்ணிடம் சொன்னார். "எல்லாப் புடவையும் உன் கையாலயே எடுத்துக் குடு" என்றார். நிச்சயதார்த்தம், நலங்கு, வரவேற்பு, சம்பந்தி வீட்டுக்கு என்று அன்று அந்த மாடியில் அவர்கள் எடுக்காத பட்டே இல்லை. போகும்போது பையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி அக்காவின் தலையில் தானே வைத்து, நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டாரையும் இங்கேயே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதன் பிறகு சூப்பர்வைசர் திங்கட்கிழமையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அக்கா சாப்பாட்டு அறையில் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. "அடுத்த தபா வந்தாங்கன்னா ஆறு மாசம்னு சொல்லணும், மறந்துடாதீங்கடி" என்றாள். நாங்களும் சிரித்தோம். பூவைத் தலையிலிருந்து எடுக்காமல் சாயங்காலம்வரை வைத்திருந்தாள். பெல்ட்டை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாசமாக இருக்கிறவள் பெல்ட் கட்டலாமா என்று கேட்டாள்.

தீபாவளிக் கூட்டத்தில், ஒரு புடவையைத் தோளில் குத்திக்கொண்டிருக்கும்போதே சரிந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் சினைப்பையில் கட்டி என்றார்கள், வயிறெல்லாம் பரவி நீர் கோத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். கொழுப்பு என்று நாங்கள் பெயர் வைத்தது அந்த நீர்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் போனதற்கும் அதுதான் காரணம். நான் பார்க்கப் போன அன்று அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. கை என்னுடையதைவிட மெலிந்திருந்தது. வீட்டுக்காரர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டிக்குத் தீனி போட்டுக்கினு, என்னப் பட்டினி போட்டுக்கினேன்டி" என்றாள். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். சுமங்கலியாகப் போனாள், கொடுத்து வைத்தவள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களோடு நான் வெகுநாள் பேசவில்லை.

அடுத்த வருஷம் அந்த மாமி திரும்ப வந்தார். பக்கத்தில் அந்தப் பெண், நிறைந்த வயிற்றோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. சீமந்தத்துக்கு, அவர்கள் வழக்கப்படி மாசமான பெண் கட்டுகிற மசக்கைக் கறுப்புப் புடவை வேண்டுமாம். மாமியின் கண் மாடி முழுக்கத் தேடியது. "அந்தப் பொண்ணு எங்கே? குழந்தை பொறந்திருக்குமே, என்ன குழந்தை?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அந்தப் பெண் ஒரு கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாசமாக இருக்கிற பெண்ணின் எதிரில் எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

"பொண்ணுங்க மாமி. அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

மாமி கையைக் கூப்பினார். மகாலட்சுமியே வந்திருக்கிறாள், நான் சொன்னேனே கைராசி என்று, எனப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டார். கறுப்புப் புடவையை அந்தப் பெண்ணின் தோளிலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். என் ஊக்குகள் எல்லாம் வேறு புடவைகளில் மாட்டியிருந்தன, தாலியில் மிச்சம் இருந்தது அக்காவின் ஊக்கு ஒன்றுதான். அதைத்தான் குத்தினேன். கிளம்புகிற நேரத்தில் மாமி குழந்தைகள் பகுதிக்குப் போய், சின்னதாக ஒரு பச்சைப் பட்டுப்பாவாடை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். முதல் பிறந்தநாளுக்குப் போடச் சொல் என்றார். அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. யாருக்கும் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வந்ததில்லை.

இப்போது எனக்கே அக்காவின் வயசு. கடையில் இப்போது வீடியோ எடுக்கிறார்கள், புடவையைப் போட்டுக்கொண்டு கேமரா முன் சிரிக்க வேண்டும். புதிதாக வந்த பெண் ஒருத்தி, "அக்கா, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வயிறு ஃபிரேம்ல வருது" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை, வருகிறதுதான். என் ரவிக்கையின் கடைசிக் கொக்கி தெறித்துப்போய், அந்த இடத்தில் அக்காவின் ஊக்கைத்தான் குத்தியிருக்கிறேன். நடைப்பயிற்சி போ, சப்பாத்தி சாப்பிடு, ராத்திரி சோற்றை நிறுத்து என்று சாப்பாட்டு அறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அரைநாள் லீவு போட்டுவிட்டு அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். எதற்கு லீவு என்று மேனேஜர் கேட்டார். வயிற்றைக் காட்டப் போகிறேன் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

அங்கே இருந்த நர்ஸ், ரவிக்கையில் குத்தியிருப்பதைக் கழற்றச் சொன்னாள். கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். பெட்டில் படுத்ததும் வயிற்றில் சில்லென்று எதையோ தடவினார்கள். டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கருவியை அழுத்தி அழுத்தி நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் தீர்ந்துபோனபின் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊக்கின் கோணல் வாய் உள்ளங்கையில் அழுந்தி வலித்தது.

"ஒண்ணும் இல்லம்மா. வெறும் கொழுப்புதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு கடிந்துகொள்கிற குரலில், "இந்த வயசுல இவ்வளவு வெயிட் ஆகாது. உடம்பக் குறைங்க" என்றார்.

நான் அழுததைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். கடுமையாகப் பேசிவிட்டோம் என்று நினைத்திருப்பார் போல, எழுந்து உட்காரக் கை கொடுத்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவரிடம் நான் எதைச் சொல்வது? அக்காவிடமும் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவளிடம் யாரும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் சேலைத் தலைப்பை மறைவாகப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய ஓட்டையிலேயே ஊக்கைத் திரும்பக் குத்திக்கொண்டேன். மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது, தியாகராய நகர் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.