எண்பதுக்குக் கீழே

நான் இதைச் சொன்ன பிறகு இரண்டு வாடிக்கையாளர்கள் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அதனால் ஆதாயத்துக்காகக் கதை கட்டுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

வீடுகளில் ஸ்பீக்கர் செட் பொருத்துவது என் தொழில். அன்று ஒரு பல் டாக்டர் வீடு. அவர் கிளினிக்கில் இருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். கனத்த சத்தத்துக்கென்று புது சப்வூஃபர் பெட்டி வந்ததிலிருந்து, படத்தில் யார் பேசினாலும் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம்.

"அவர் கிளினிக்லதான் யாரும் வாயத் திறந்து பேச முடியாது. வீட்லயாவது பேச்சு புரிய வேண்டாமா தம்பி?" என்றார்.

சிரித்துக்கொண்டே போனேன். வீட்டின் நடுவில் ஜன்னலே இல்லாத அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. கனமான கதவு. அதைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

சப்வூஃபர் பெட்டியின் பின்பக்கம் கிராஸ்ஓவர் என்று ஒரு குமிழ் இருக்கும். அதில் வைக்கிற எண்ணுக்குக் கீழே உள்ள கனத்த சத்தம் மட்டும்தான் அந்தப் பெட்டிக்குப் போகும். மற்றதெல்லாம் சின்ன ஸ்பீக்கர்களுக்கு. இங்கே குமிழ் நூற்றைம்பதில் இருந்தது. ஆள் பேசும் குரலும் பெட்டிக்குள் புகுந்துவிட்டிருந்தது. பெட்டியைத் திருப்பி வைத்து எண்பதுக்கு இறக்கினேன். ஒரு படத்தை ஓடவிட்டேன். பேச்சு பளிச்சென்று வந்தது.

படத்தை நிறுத்தினேன்.

பெட்டி நிற்கவில்லை.

டும்... டும்...

கரண்ட் வயரைப் பிடுங்கினேன். அப்போதும் டும்... டும்... பெட்டிமேல் கையை வைத்தேன். உள்ளே இருந்து யாரோ குத்துவதுபோல் இருந்தது.

அப்போது பார்த்தேன். குமிழ் நகர்ந்தது. மெதுவாக, தானாக. எண்பதிலிருந்து எழுபதுக்கு.

கதவுக்கு ஓடினேன். கைப்பிடி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

"அக்கா, கதவத் திறங்க!"

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. மழுங்கிப் போயிருந்தது. சுவரிலுள்ள பஞ்சு சத்தத்தைக் குடிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன். குமிழ் அறுபதில் நின்றது.

மறுபடி கத்தினேன். வார்த்தை வரவில்லை. தொண்டையிலிருந்து ஓர் உறுமல்தான் வந்தது. கதவை நகத்தால் சுரண்டினேன். சத்தமே இல்லை. கைதட்டினேன். அதுவும் இல்லை.

முஷ்டியால் குத்தினேன்.

டும்... டும்...

அது மட்டும் கேட்டது.

ஐம்பது.

என் மூச்சுச் சத்தம் காணாமல் போனது.

நாற்பத்தைந்து...

தவழ்ந்து போய்க் குமிழைப் பிடித்தேன். திருப்பினேன். வரவில்லை. இன்னொரு கை அதை எதிர்ப்பக்கம் இழுப்பதுபோல் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு...

சட்டென்று விட்டுக்கொடுத்தது. கடைசி எண்வரை ஏற்றிவிட்டேன்.

மூச்சு கேட்டது. என் மூச்சுதான்.

கதவில் போய் மோதினேன். சும்மா சாத்தியிருந்த கதவுபோல் திறந்துகொண்டது. ஹாலில் அந்த அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அவரே போன் செய்தார். என் பையையும் செருப்பையும் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். நான் அவ்வளவு இடித்தது கேட்கவில்லையா என்று கேட்டேன். சத்தம் கேட்டுத்தான் நடுவில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன் என்றார். கதவு சுலபமாகத் திறந்ததாம். நான் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு, குமிழில் கை வைத்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தேனாம்.

"பெட்டிக்குள்ள யாரோ அக்கா அக்கான்னு கத்துறாங்களே தம்பி, படமான்னு கேட்டேன். மறந்துட்டீங்களா?"

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"திரும்பிக்கூடப் பாக்கல நீங்க. 'குறைச்சிட்டே வரேன்க்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல நின்னுடும்'னு சொன்னீங்க."