மருமகளுக்கு வந்த கேள்வி

மாலைக் கல்லூரியில் வணிகமும் சமூகவியலும் படிக்கிற அந்த வகுப்பில் அத்தனை பேருக்கும் அவள் அத்தைதான். பக்கத்தில் உட்கார்ந்த மருமகள் அப்படிக் கூப்பிட, வகுப்பே பிடித்துக்கொண்டது. ஒருநாள் பேராசிரியரே வாய்தவறி, "அத்தை, நீங்க சொல்லுங்க" என்றுவிட்டார்.

சலவைக் கடை நடத்துகிறவள். கல்யாணத்தால் நின்றுபோன மருமகளின் படிப்பை மறுபடி தொடங்கி வைத்தவளும் அவள்தான். "தனியா போக பயமா இருக்கு அத்தை" என்று அந்தப் பெண் தயங்கியதும், "அப்ப நானும் வர்றேன், வா" என்று கூடவே சேர்ந்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில்! அக்கம்பக்கம் சிரித்தது. சிரிக்கட்டுமே, சிரிப்புக்கு வரியா போடுகிறார்கள்?

குறை ஒன்றே ஒன்று. அத்தை ஒரு முந்திரிக்கொட்டை. கடையில் மருமகளை யார் என்ன கேட்டாலும் பதில் இவளிடமிருந்துதான் வரும். வகுப்பிலும் அதே கதை.

"செமினார்ல நீங்க வாயைத் திறந்தா, உங்க மருமகளுக்கு மார்க் கிடையாது" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. மருமகளின் தலைப்பு, குடும்பத் தொழிலில் அதிகாரம். நடுங்கிய குரல் போகப்போகத் தெளிந்தது. முடித்ததும், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்:

"வேலை செய்யறவங்க கையில முடிவு இல்லேன்னா தொழிலுக்கு என்ன நஷ்டம்? ஒரு உதாரணம் சொல்லுங்க."

மருமகளின் கண்கள் அத்தையைத் தேடின. அத்தைக்கோ பதில் நாக்கு நுனியில் நின்றது. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற பிள்ளையிடம்கூட அவள் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

"எங்க கடையையே சொல்றேன்" என்றாள் மருமகள். "ஒரு ஓட்டல்காரர் வந்து, வாராவாரம் படுக்கை விரிப்பெல்லாம் துவைச்சுத் தர முடியுமான்னு கேட்டார். ரெண்டு மெஷின் சும்மாதான் கிடந்துச்சு. சரின்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. 'அத்தை வரட்டும்'னேன். அவர் அடுத்த கடைக்குப் போயிட்டார். வீட்ல சொல்லவும் பயம்."

வகுப்பே திரும்பி அத்தையைப் பார்த்தது. விஷயம் அவளுக்கே அப்போதுதான் தெரியும். முகம் சுண்டியது. ஆனால் கோபம் வரவில்லை. வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்த பெண், மாமியாரை எதிரில் வைத்துக்கொண்டே நாலு பேர் முன்னால் இவ்வளவு நேராகப் பேசுகிறாளே! அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்வாளருக்கும் புரிந்துவிட்டது. "நீங்கதானா அந்த அத்தை? அந்த ஓட்டல்காரர் திரும்ப வந்தா என்ன சொல்வீங்க?"

அத்தை எழுந்து நின்றாள்.

"என்னை ஏன் சார் கேக்கறீங்க? கடையில இருக்கறது என் மருமக. அவளைக் கேளுங்க."