கட்டுக்கம்பி மூன்று சுற்று

ரயில்வேயில் சிக்னல் கேபிள் இணைக்கும் குழுவுக்கு அவள்தான் மூத்தவள். மூட்டக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். அறுந்த கேபிளைச் சேர்க்கும் இடத்துக்கு மூட்டு என்று பெயர். அது தெரியாமல் முழங்கால் வலிக்கு எண்ணெய் கேட்டு வந்தவர்களும் உண்டு. "எனக்கே வலிக்குது, போங்க" என்று அனுப்பிவிடுவாள்.

இருபத்திரண்டு வருடம் தண்டவாளத்தோரப் பள்ளங்களில் குந்தியே கழித்தவள். வெட்டைப் பார்த்தால் வெட்டியவனைச் சொல்லிவிடுவாள். திருடன் செம்பைத் தேடுவான், சதிகாரன் இடத்தைத் தேடுவான் என்பது அவள் வாக்கு. திருடன் வண்டி நிறுத்தத் தோதான இடமாகப் பார்த்து, நூறு இருநூறு மீட்டர் உருவிக்கொண்டு போவான். சதிகாரன் ஒரு முழம்கூட எடுக்க மாட்டான். எங்கே வெட்டினால் அதிகம் வலிக்குமோ அங்கே வெட்டிப் போட்டுவிட்டுப் போவான். அவள் எழுதித் தரும் ஒற்றை வரியை வைத்துத்தான் போலீஸ் வழக்குப் போடும். திருட்டென்றால் சில மாதம். சதியென்றால் ஜாமீனே இல்லை; பாதி ஆயுள் கம்பிக்குள்தான்.

அன்று விடிந்ததும் நிலையத்துக்கு வடக்கே சிக்னல் எல்லாம் சிவப்பில் உறைந்துவிட்டன. ஏழு ரயில்கள் நட்டநடுவே நின்றன. கூடப் பிறந்த தம்பியும் அதே குழுதான், அவளே சேர்த்துவிட்டவன். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

பள்ளம் தோண்டிக் கிடந்தது. கேபிளில் ஒன்றரை மீட்டர் மட்டும் காணோம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செம்பு அப்படியே இருந்தது.

மேலே சாலையில் ஜீப். உள்ளே, லைனுக்குப் பின்னால் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் ஆள், விலங்கோடு உட்கார்ந்திருந்தார். கடையில் ரம்பம் இருந்ததாம்.

"ரம்பம் இல்லாத இரும்புக்கடை எங்கய்யா இருக்கு?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார். "ஒன்றரை மீட்டர் செம்புக்கு எவன்மா இவ்வளவு தோண்டுவான்? டீக்குக்கூடத் தேறாது. இது சதிதான். எழுதிக் குடுத்துருங்க, மேலிடத்துல பறக்குறாங்க."

"வெட்டைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்."

அவள் குந்தி, மண்ணைத் துடைத்து, அறுபட்ட முனையைக் கையில் எடுத்தாள். அப்படியே நின்றுவிட்டது கை.

கேபிளைச் சுற்றி இரும்புக் கம்பிக் கவசம் உண்டு. ரம்பம் போட்டால் அது விரிந்து சிலிர்த்துக்கொள்ளும். அதனால், வெட்டும் முன் மெல்லிய கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்குவது இந்தத் தொழிலில் பழகியவர்கள் வழக்கம். திருடனுக்கும் சதிகாரனுக்கும் அந்த அக்கறை எதற்கு? இங்கே இரண்டு முனையிலும் மூன்று சுற்று. முறுக்கிய நுனி உள்பக்கம் மடித்துச் செருகியிருந்தது. ஒருமுறை கம்பி நுனி உள்ளங்கையைக் கிழித்து ஏழு தையல் போட்டதிலிருந்து, குழுவில் ஒருவன் மட்டும் அப்படி மடிப்பான்.

காணாமல் போன ஒன்றரை மீட்டரில் என்ன இருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. போன வாரம் போட்ட மூட்டு. நாளைக்கு அதைச் சோதிக்க ஆள் வருவதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் போயிருந்தார். தலை நிமிராமல், தணிந்த குரலில் கேட்டாள். "ஏன்டா?"

தம்பி சாமான் பைக்குள் எதையோ தேடினான்.

"டேய், உன்னைத்தான்."

"மழை தண்ணி உள்ள போயிடுச்சுக்கா. மூட்டு மேல ஊத்துன பசை காயறதுக்கு முன்னாடியே மண்ணைத் தள்ளிட்டேன். மெகர் மீட்டர்ல கசிவு பாத்தேன், ஒரு கம்பிகூட நிக்கல. ஏற்கெனவே ரெண்டு மெமோ. மூணாவதுன்னா வேலை போயிடும்."

"அதுக்கு?"

"அதை அறுத்து எடுத்துட்டா திருட்டுன்னு போயிடும்னு நினைச்சேன். சிக்னல் செத்தாலும் சிவப்பாத்தானே சாகும், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு…"

"மேல உட்காந்திருக்கானே ஒருத்தன், அவனுக்கு?"

"இப்படிப் பிடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? அக்கா, திருட்டுன்னு போடு. சதின்னு போட்டாத்தான் அவன் காலி. திருட்டுன்னா ஆறே மாசம், வந்துருவான்."

ஆறு மாசத்தை எவ்வளவு சுளுவாகச் சொல்கிறான்! அதோடு இன்னொன்றும் இடித்தது. அந்த மூட்டு காய்ந்தபின் மூடப்பட்டது என்று கையெழுத்துப் போட்டவள் அவள். அன்று மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். தம்பிதானே என்று நின்று பார்க்காமல் போய்விட்டாள்.

"என்னம்மா, எழுதியாச்சா?" இன்ஸ்பெக்டர் குரல்.

"ரயில் நிக்குது சார். முதல்ல ஒட்டிக்கறேன்."

மூட்டுப் போட நாலு கை வேண்டும். மற்ற இருவர் வந்துசேர மதியம் ஆகும். "பிடி" என்றாள். அவன் பிடித்தான். புதுத் துண்டை நடுவில் வைத்து, இரு முனையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு கம்பிகளாகச் சேர்த்தார்கள். அவள் கை நீட்டும் முன்பே வேண்டிய சாமான் உள்ளங்கையில் இருந்தது. பதினாறு வருடப் பழக்கம். இவனா, இந்தக் கையா என்று ஒவ்வொரு கம்பிக்கும் தோன்றியது. பசை ஊற்றிவிட்டு, காயும்வரை அவள் பள்ளத்தை விட்டு நகரவில்லை.

வடக்கே சிக்னல் பச்சைக்கு மாறியது. முதல் ரயில் தடதடத்துப் போய் ஓய்ந்ததும் படிவத்தை முழங்காலில் வைத்தாள். திருட்டு என்ற கட்டத்தையும் சதி என்ற கட்டத்தையும் குறுக்குக் கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள்: 'வெட்டியது எங்கள் குழுவின் ஆள். பழுதான மூட்டை மறைக்க வெட்டியது. அந்த மூட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்.' தம்பியின் பெயரை எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது.

இன்ஸ்பெக்டர் படித்தார். மறுபடி படித்தார். "அம்மா, இது உங்க கூடப் பிறந்தவர்தானே?"

"ஆமா சார். அந்தாளை இறக்கி விடுங்க."

இரும்புக்கடைக்காரர் இறங்கி, மணிக்கட்டைத் தேய்த்தபடி, யாரையும் பார்க்காமல் லைனைத் தாண்டி நடந்தார்.

தம்பி ஜீப் படியில் ஒரு காலை வைத்தான். திரும்பி, "இப்ப போட்டது மெகர்ல பாத்தியாக்கா?" என்றான்.

"பாத்தேன்."

"நிக்குதா?"

"நிக்குது."

தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.