வெளுத்துப்போன ரசீதுகள்

டோரீன் ஹாஸ்கெல் டேட்டன் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒன்பது வருடமாகச் சம்பளத்தில் பிடித்து மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தாள். வைத்தியத்துக்கு எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. ஆனாலும் ஒரு டாலர்கூட எடுத்ததில்லை. முழங்காலுக்கு ஊசி, கண்ணாடி, கடைவாய்ப் பல்லுக்கு உறை, எல்லாமே கைக்காசு. அந்தக் கணக்கு மகன் கர்ட்டின் ஆபத்து அவசரத்துக்கு என்று வைராக்கியமாக இருந்தாள்.

அவசரம் பிப்ரவரியில் வந்தது. இருபத்து நாலு வயது கர்ட்டுக்குப் பித்தப்பையில் கல். அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்கு முந்தின நாளே மூவாயிரம் டாலர் கட்டாவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்றது மருத்துவமனை. சோபாவில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே டோரீன் கணக்கு நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"என் மகனோட ஆபரேஷனுக்கு இந்தக் கணக்கோட கார்டைத் தேய்க்கலாமில்ல?"

"உங்க வரிப் படிவத்துல அவர் உங்களைச் சார்ந்தவர்னு காட்டுறீங்களா மேடம்?" என்றாள் எதிர்முனைப் பெண்.

"டயர் கடையில வேலை பாக்குறான். அவன் வரியை அவனே கட்டுறான். ஆனா என் இன்சூரன்ஸ்லதான் இருக்கான்."

"அதுல இருபத்தாறு வயசு வரைக்கும் இருக்கலாம். இந்தக் கணக்கு வேற மேடம். அவருக்காக எடுத்தா வரியும் உண்டு, அதுக்கு மேல இருபது சதவீதம் அபராதமும் உண்டு."

டோரீனுக்குக் கோபம் தலைக்கேறியது. இன்சூரன்சுக்குப் பிடிக்கும்போது பிள்ளை, பணம் எடுக்கும்போது யாரோ. இந்தச் சட்டத்தை எழுதினவன் வீட்டில் யாருக்கும் வயிற்றுவலியே வராது போலிருக்கிறது.

"அப்ப ஒன்பது வருஷமா என் வைத்தியத்துக்குக் கைக்காசு போட்டு அழுதேனே, அதெல்லாம் என்ன?"

"ரசீது இருக்கா? இருந்தா அந்தத் தொகையை இப்ப வரியில்லாம எடுத்துக்கலாம் மேடம். அது உங்க பணம், யாருக்கு வேணா கொடுங்க."

"இதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே மேடம்."

அலமாரி மேலிருந்த செருப்புப் பெட்டியை இறக்கிக் கவிழ்த்தாள். ஒரு ரசீது விடாமல் சேர்த்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் அந்த வழவழத் தாளில் எழுத்தெல்லாம் மங்கி, பாதிக்கு மேல் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அசிங்கமாக ஒரு வார்த்தை சொன்னாள். கர்ட் சிரிக்கப் பார்த்து வலியில் முனகினான்.

"விடும்மா. தேதி தள்ளிப்போனாப் போகட்டும்."

"நீ வாயை மூடிட்டுப் படு."

மறுநாள் லீவு போட்டாள். பழைய ரசீதுகளுக்கு நகல் கேட்டு மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, பல் டாக்டர் என்று முழங்காலை இழுத்துக்கொண்டு ஏறி இறங்கினாள். பழசெல்லாம் எடுக்க நாளாகும் என்று மருந்துக்கடைக்காரன் இழுத்தான். "எடுக்குற வரைக்கும் நான் இங்கதான் நிக்கப் போறேன்," என்றாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் இருபத்தேழு பக்கம் அச்சடித்துக் கொடுத்தான்.

கணக்கிலிருந்து எடுத்த பணம் செவ்வாயன்று வங்கிக்கு வந்தது. புதன்கிழமை மருத்துவமனையில் பணம் கட்டும் சன்னலில் காசோலையை நீட்டினாள். உள்ளே இருந்தவள் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"அம்மா," என்றாள் டோரீன். "வரி ஆபீஸ்காரன் ஒத்துக்க மாட்டான். நீ நல்லா அழுத்தி எழுது."