குவைத்துக்குப் போன கனகாம்பரம்

ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூல் முனையை நாக்கில் நனைப்போம் இல்லையா... அப்போது சாயம் லேசாகக் கசக்கும். என் பன்னிரண்டு வயதை நினைத்தால் அந்தக் கசப்புதான் முதலில் வருகிறது.

அந்த வருடம்தான் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திருவிடந்தையில் எங்களுடையது கூரை வீடு. அதைத் தளம் போட்ட வீடாக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நைனா கோவளம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டினார். வீட்டில் நானும் அவரும் மட்டும்.

அம்மா இருந்தவரை தையல் மெஷின் சத்தம் ஓயாது. என் பாவாடை, தலையணை உறை, நைனாவின் காக்கிச் சட்டை... எல்லாமே அவள் கைதான். துணி துவைக்கும் தண்ணீர் ஓடுகிற பின்பக்கத்தில் கனகாம்பரம், சங்குப்பூ, செம்பருத்தி என்று செடிகள் வைத்திருந்தாள். அன்றைக்கு எது பூத்திருக்கிறதோ, அதைப் பார்த்துத் துணியின் ஓரத்தில் ஒரு பூ போடுவாள்.

அவள் போனதும் மெஷின் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறப்பேன். நைனா வரும்வரை பேச ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ரோஸி அக்காவின் போனுக்கு அம்மா கூப்பிடுவாள். ரோஸி அக்காவின் வீட்டுக்காரரும் குவைத்தில்தான் டிரைவர்.

"துன்னியா?"

"ம்."

"செடிக்குத் தண்ணி ஊத்துறியா?"

"ஊத்துறேன்."

அவ்வளவுதான். ரோஸி அக்கா வீட்டில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்று என்ன பேசுவது... லைன் கட்டாகிவிடும்.

ஒருமுறை லீவில் வந்திருந்த ரோஸி அக்காவின் வீட்டுக்காரர், "அம்மாவுக்கு எதுனா குடுக்கணும்னா குடு பாப்பா, எடுத்துகினு போறேன்" என்றார். என்னிடம் என்ன இருக்கிறது? நைனாவின் வெள்ளைக் கர்சீப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த சங்கிலித் தையலில், எதிரே இருந்த கனகாம்பரத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இலைய நான் போடட்டா?" என்றார்.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்த நேரத்தில் பச்சை நூலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். மற்ற டிரைவர்கள் விடுவார்களா?

"இன்னா அண்ணாத்த, டைலர் கடை தொறக்கப் போறியா?"

"எம் பொண்டாட்டிக்கு இல போட்டுனுகீறேன். உனக்கு இன்னாடா?"

கர்சீப் போய்ச் சேர்ந்த வாரம் அம்மாவின் முதல் பேச்சே வேறு. "கனகாம்பரம் பூத்திச்சாடி?" குரல் உடைந்திருந்தது. பிறகு, "அந்த இல யாரு போட்டது? கோணலா கீது" என்றாள். நைனா என்றேன். அவள் சிரித்தாள். ஊரை விட்டுப் போனபின் அன்றுதான் அவள் சிரித்துக் கேட்டேன்.

அதன்பிறகு ஊரில் யார் குவைத்துக்குக் கிளம்பினாலும் ஒரு கர்சீப் கூடப் போகும். சங்குப்பூ ஒருமுறை, செம்பருத்தி ஒருமுறை...

அடுத்த கோடையில் எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. இலைகளின் ஓரம் கருகியது. கனகாம்பரம் மொத்தமும் காய்ந்தது.

"அம்மா கைல சொல்லாத. அங்க ஒக்காந்து அழுவும்" என்றார் நைனா.

மறுபடி ஒருவர் கிளம்பினார். கர்சீப்பை விரித்து, ஆரஞ்சு நூலைக் கையில் எடுத்தேன். இல்லாத பூவை எப்படிப் போடுவது? பிரவுன் நூலைக் கோர்த்து, காய்ந்த குச்சியையும் அதில் சுருண்டு தொங்கிய இரண்டு இலைகளையும் அப்படியே போட்டேன். நைனா பார்த்தார். மடித்து அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த போனில் அம்மா, துன்னியா என்று கேட்கவில்லை.

"செடி பூட்ச்சா?"

"ம். செம்பருத்தி மட்டும் கீது."

"நீ எப்டி கீற?"

அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். "வூட்டுக்கு வாம்மா... எனக்குப் பேச யாருமே இல்ல."

ரோஸி அக்கா எழுந்துபோய் டிவியை நிறுத்தினாள்.

அம்மாவால் உடனே வரமுடியவில்லை. ஒப்பந்தம் முடிந்து பொங்கல் சமயத்தில் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு பாவாடையை எடுத்தாள். அங்கே ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கையாலேயே தைத்தது. கீழே சுற்றிலும் சங்குப்பூ. ஆசையாகக் கட்டிக்கொண்டேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது.

அம்மா என் காலடியில் உட்கார்ந்து மடிப்பைத் திருப்பினாள். உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி.

"நீ எவ்ளோ வளந்திருப்பன்னு தெர்லடி... அதான் உள்ள வுட்டு தச்சேன்."

பிளேடால் தையலைப் பிரித்து இறக்கினாள். அப்போதும் கணுக்கால் தெரிந்தது. பாவாடையின் ஓரத்தைப் பிடித்தபடி, "பத்தலியே..." என்று அழுதாள்.

"பத்தாட்டி இன்னா? ஒட்டு போட்டுக்கலாம், எய்ந்திரு" என்றார் நைனா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட அந்தப் பாவாடையைத்தான் இரண்டு பொங்கலுக்கு நான் கட்டினேன்.

நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை இப்போது. நான் செங்கல்பட்டில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறேன். மகள் படிப்பதற்கு அயர்லாந்து போயிருக்கிறாள். தினமும் வீடியோ கால். அவள் தட்டில் என்ன இருக்கிறது, முகம் வாடியிருக்கிறதா... எல்லாம் தெரிகிறது. அம்மாவுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை.

போன வாரம் என் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு சுடிதார் அனுப்பியிருந்தாள். "சைஸ் கரெக்டா இருக்காம்மா?" என்று கேட்டாள். கச்சிதமாக இருந்தது. ஓரமெல்லாம் மெல்லிய ஓவர்லாக் தையல், பிரித்து இறக்க உள்ளே துணி இல்லை. தேவையும் இல்லை. "சூப்பரா இருக்குடா" என்றேன். கிளாசுக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.

அதைப் போட்டுக்கொண்டு யாரிடமாவது காட்டலாம் என்று ஹாலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே பூட்டைத் திறந்த அந்த நாட்களைப் போல, நடு ஹாலில் நின்றிருந்தேன்...