சீலன் கர்ச்சீப் போட்டு மூடின லைட்

சீலன் போய்ட்டான்.

முந்தாநாள் காலையில, பலமனேர்ல அவன் வீட்டுல. ஹார்ட் அட்டாக். நேத்து அடக்கம் முடிஞ்சு திருப்பதி அலிபிரி பக்கத்துல இருக்கிற எங்க ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்தேன்... அவன் ஹெட்போன் போட்ட இடத்துலயே கிடக்கு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஜெயசீலன் என் பார்ட்னர். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்தினோம். பெருமாள் பாட்டு, சர்ச் பாட்டு, எலெக்‌ஷன் பிரச்சாரம்... எது வந்தாலும்.

மண் போட்டுட்டுத் திரும்பும்போது அவன் மனைவி கிரேஸ் கேட்டுச்சு. "அண்ணா, அவரு குரல் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதா? என் போன்ல ஒண்ணுமே இல்ல."

எங்க இருக்கும்? ஊரு குரலை எல்லாம் பதிவு பண்ணினவனுக்குத் தன் குரலைக் கேட்கவே பிடிக்காது. வாட்ஸப்புல வாய்ஸ் நோட் போட மாட்டான். வீடியோ எடுத்தா வாயைத் திறக்க மாட்டான்.

"இருக்கும்மா, தேடித் தரேன்"னு சொல்லிட்டேன். கார்ல வரும்போதுதான் பயம் பிடிச்சுது.

மைக் முன்னாடி அவன் பேசுறது லெவல், அதாவது சத்தத்தோட அளவு, வைக்கிறப்போ மட்டும்தான். பாட வர்றவங்களை "மைக் டெஸ்ட்"னு சொல்லச் சொல்ல மாட்டான். "காலையில என்னா துன்னீங்க?"ன்னு கேட்பான். துன்னதைச் சொல்லும்போதுதான் மனுஷன் இயல்பா பேசுவானாம். அவங்க இட்லி, சட்னின்னு சொல்லிக்கினு இருக்க, இவன் லெவல் லைட் பச்சையிலயே நிக்கிற மாதிரி குமிழைத் திருப்புவான்.

அந்தப் பேச்சை எல்லாம் எடிட்டிங்ல வெட்டி எறியறது என் வேலை.

இன்னைக்குக் காலையிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரா திறந்தேன். எல்லாம் சுத்தமா இருக்கு. பாழாப்போன சுத்தம்!

அப்புறம்தான் சித்தூர் சர்ச் ஞாபகம் வந்துச்சு.

அங்க கோயர், அதான் சர்ச் பாட்டுக்குழு, ரெக்கார்டிங். மைக் நிறைய வேணும்னு மைக்கைக் கம்ப்யூட்டரோட சேர்க்கிற பெட்டி, என் பழைய இன்டர்ஃபேஸையும் அவன் புதுசா வாங்கினதையும் கேபிள் போட்டு இணைச்சோம். அப்படிச் சேர்த்தா ஒரு மெஷின் மாஸ்டரா தாளம் போடணும், இன்னொண்ணு அதைக் கேட்டு ஓடணும். அதுதான் கிளாக் சிங்க். ரெண்டும் தன் இஷ்டத்துக்கு ஓடினா பதிவுல டிக் டிக்னு விழும்.

"புதுசுதான் மாஸ்டர்"னு அவன். "என்னுதுதான் சீனியர்"னு நான். சண்டை போட்டு, சண்டை போட்டு... கடைசியில ரெண்டுமே மாஸ்டராவே நின்னுடுச்சு.

பாவம், சிங்க் லைட் சிவப்பா சிமிட்டிக் காட்டத்தான் செஞ்சுது. ஆனா கோயர்ல இருக்கிற பெரியவங்க சிவப்பு லைட்டைப் பார்த்தா பயந்து குரலை இறக்கிடுவாங்கன்னு, சீலன் மெஷின் மேல கர்ச்சீப் போட்டு மூடி வச்சிருந்தான்! நாங்க கம்ப்யூட்டர்ல லெவலை மட்டும் பார்த்தோம். எல்லாம் பச்சை. பாட்டுச் சத்தத்துல டிக் காதுல விழல.

ஸ்டூடியோவுக்கு வந்து கேட்டா பாட்டு பூரா டிக் டிக். தலையில அடிச்சுக்கினு மறுபடியும் சித்தூர் போய் முழுசும் பதிவு பண்ணினோம். கெட்டுப்போனதை யாரு எடிட் பண்ணுவா? அப்படியே கிடந்துச்சு.

திறந்தேன்... இருந்தான்.

"கிரேஸு, காலையில என்னா துன்ன?"

கிரேஸ் அந்தக் கோயர்ல ஆல்ட்டோ, அதான் பெண்கள்ல கீழ்க்குரல், பாடும். "நீங்க செஞ்ச உப்புமாதான். உப்பே இல்ல."

கோயர் மொத்தமும் சிரிக்குது. லெவல் சிவப்புக்குப் போய்டுச்சு. "ஏய் நைனா, குறைடா, குறைடா!"ன்னு சிரிச்சுக்கினே என்னைப் பார்த்துக் கத்துறான். நடுநடுவுல டிக்... டிக்...

ஸ்டூடியோவுல தனியா உட்கார்ந்து அழுதேன். சொல்றதுக்கு என்ன வெட்கம்.

கிரேஸுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழிச்சுதான் போன் வந்துச்சு. "அந்த டிக் சத்தத்தை எடுத்துட்டு அனுப்பட்டுமாம்மா?"ன்னு கேட்டேன்.

"வேணாண்ணா. எதையும் வெட்டாதீங்க."

சீலா... காலையிலிருந்து நான் ஒண்ணும் துன்னலடா.

சரி, உன்னுதே மாஸ்டரா இருக்கட்டும். போய்ட்டு வா.