என்ஜின் மேல் தூவிய பவுடர்

சென்ற ஆண்டு தை மாதம், மதுராந்தகத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் நடந்தது இது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. வலது கையும் காலும் பாதிதான் திரும்பி வந்திருந்தன. பேச்சு அதைவிட மோசம். மனதில் நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. தண்ணீர் கேட்க நினைத்து 'சாவி' என்பார். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரியும், முகம் சுருங்கிவிடும்.

செங்கல்பட்டில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "அவரே சொல்லி முடிக்கட்டும்மா, நீங்க எடுத்துக் குடுக்காதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். தலையாட்டிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பால் பொங்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். அவர் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் நாலு வார்த்தை சொல்லி, அதில் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்ட வைத்துவிடுவேன்.

ஷெட்டில் ஒரு பழைய கார் நின்றது. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. உருண்டை விளக்குகள், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், சோபா மாதிரி முன் சீட். ஆபீஸ் இல்லாத நாளெல்லாம் அவர் அதற்கு அடியில்தான் படுத்திருப்பார். எனக்கு அதை ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மாமல்லபுரம் பக்கம் கடலோரமாகத் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், கல்யாண ஜோடிகளை ஊர்வலமாக ஏற்றிவர இப்படி ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார். "அப்பாவால இனிமே ஓட்ட முடியாதும்மா. குடுத்துடலாம்" என்றாள் என் மகள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அவரிடம் சொன்னபோது, "இல்ல... இல்ல..." என்று ஷெட்டுப் பக்கம் கையைக் காட்டினார். காரைப் பிரிய மனசில்லை, பாவம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆனாலும் விடுதிக்காரரை வரச் சொல்லிவிட்டேன்.

அவருடைய டிரைவர்தான் வந்தார். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார். தரையில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய். "ஆயில் லீக் கீதுக்கா. இத்த சரி பண்ணி வைங்க, அப்பால எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இன்ஜினுக்கும் கியர் பாக்சுக்கும் நடுவுல ஒழுவுதுக்கா. பின்னாடி ஆயில அடைக்கிற சீல் பூட்ச்சி. இன்ஜின எறக்காம ஒண்ணும் பண்ண முடியாது."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் இடது கையால் கைப்பிடியைத் தட்டினார். "இல்ல... மாவு."

"இன்னாங்க மாவு? தோசை வேணுமா?" என்றேன்.

"அண்ணாத்தைக்குப் பசிக்குது போலக்கீது. நாஸ்தா குடுங்கக்கா மொதல்ல" என்றார் மெக்கானிக். கேலியில்லை, உண்மையான அக்கறைதான். யோசித்துச் சொல்லுங்கள் என்று கிளம்பிப் போனார்.

நான் உள்ளே போய் தோசை ஊற்றி எடுத்து வந்தேன். தட்டைத் தள்ளிவிட்டார். "மாவு! மாவு!" கண்ணில் நீர் முட்டியது. எனக்கும் அழுகை வந்தது. என்னதான் வேண்டும் இந்த மனிதருக்கு என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் நின்றுவிட்டேன்.

கைத்தடி ஊன்றி அவர் படுக்கையறைக்குப் போகும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், என் முகப்பவுடர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஓடினேன். திறந்திருந்த பானெட்டுக்கு முன்னால் நின்று, டப்பாவைக் காட்டினார், என்ஜினைக் காட்டினார். பிறகு பழந்துணியை எடுத்து என் கையில் திணித்தார்.

"தொட... மொதல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாதாடத் தெம்பில்லை. அவர் காட்டிய இடமெல்லாம் டீசல் தொட்ட பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்தேன். நெடுநாள் எண்ணெயும் புழுதியும் கெட்டித்துப்போன அழுக்கு. நன்றாகக் காய்ந்த பிறகு, பவுடரை எடுத்துத் தூவச் சொல்லிச் சைகை செய்தார். மேல் மூடியிலிருந்து கீழே கியர் பாக்ஸ் வரை தூவினேன். ஷெட்டெல்லாம் மல்லிகை வாசனை. அந்த வேளையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் ஒரு பக்கமாகச் சிரித்தார்.

பிறகு வண்டியைக் கிளப்பச் சொன்னார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். செல்போன் வெளிச்சத்தை அவர் சொன்ன பக்கம் அடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். அந்த வெள்ளைப் பூச்சின்மேல் ஒரே ஒரு ஈரக் கோடு. அது கீழே தொடங்கவில்லை. என்ஜினின் உச்சியில், மேல் மூடியின் பின்மூலையில் தொடங்கி, சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத பின்பக்கமாகவே இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டியிருந்தது. சீலுக்கு ஒன்றுமில்லை. மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பேக்கிங்தான் காய்ந்து வெடித்துப்போயிருந்தது.

அவர் மாவு என்று சொன்னது பவுடரைத்தான். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அட, நான் கீழயே பாத்துகினு இருந்துட்டேன்" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். அடுத்த முறை பயிற்சிக்குச் செங்கல்பட்டு போனபோது கார்க் பேக்கிங் வாங்கிவந்தோம். மெக்கானிக் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். என் கணவர் என்னைக் காட்டினார். எனவே நான்தான் மூடியைக் கழற்றினேன், ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டினேன், புதியதை மூலை பிசகாமல் உட்காரவைத்தேன். நட்டை முறுக்கும்போது, இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று பலம் கொண்ட மட்டும் திருப்பப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும்." ரொம்ப இறுக்கினால் தகடு நெளிந்து மறுபடியும் ஒழுகும் என்று மெக்கானிக் எனக்கு விளக்கினார்.

வண்டியை ஓடவிட்டு நிறுத்தி, அன்று சாயங்காலம் வரை காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்திருந்தோம். ஒரு சொட்டு இல்லை.

நான் பெரிய மனதோடு சொன்னேன்: "வேணாங்க, விக்க வேணாம். நம்மகிட்டயே இருக்கட்டும்."

அவர் தலையை ஆட்டினார். "இல்ல. குடு."

"உங்களுக்குத்தான் மனசில்லையே?"

அவர் வார்த்தையைத் தேட ஆரம்பித்தார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை.

"ஒழுவுது... அத எப்படி... குடுக்கறது?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நிக்கக் கூடாது... ஓடணும்" என்றார்.

அப்படியென்றால் முதல் நாள் 'இல்ல, இல்ல' என்று ஷெட்டைக் காட்டியது, தரையில் இருந்த எண்ணெய்க் கறையைத்தான். எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதை அவர் பார்த்திருக்கிறார். விற்க வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவே இல்லை.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். விடுதிக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏதாவது கவனிச்சுக்கணுமாம்மா?" என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு என் கணவரைப் பார்த்தேன். விடுதிக்காரரும் அந்த டிரைவரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மேல... மூடி..." என்று தொடங்கினார். நின்றார். மறுபடி தொடங்கினார். கடற்காற்றில் சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன. யாரும் குறுக்கே பேசவில்லை. "ரொம்ப... இறுக்காத."

"சரிங்கண்ணாத்த, இறுக்க மாட்டேன்" என்றார் டிரைவர். என் கணவர் இடது கையால் சாவியைக் கொடுத்தார். நாங்கள் பஸ் பிடித்து வீடு திரும்பினோம். வழியெல்லாம் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

இன்றும் அவர் ஒரு சொல்லைத் தேடி நிற்கும்போது எனக்கு அவசரம் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும் என்று நான் வைத்திருந்த அந்த நிச்சயம் மட்டும் அதன்பிறகு திரும்பி வரவில்லை, அது வராமலே இருக்கட்டும்.